கூலிக்காரர் காதுக்கும் எட்டட்டும்

தோழர்களே, என் அம்மா முப்பது வருடம் நடவு நட்டவர். வேளாண் அதிகாரி எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. பட்டாக்காரர் வீட்டுத் திண்ணையோடு திரும்பிவிடுவார். இப்போது அந்தத் திண்ணை செல்போனுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதில் விவசாயக் கூலிகளும் உண்டு. எதை எவ்வளவு கலப்பது என்று கடைக்காரர் நிலக்காரரிடம் சொல்லியிருப்பார். முதுகில் ஸ்பிரேயர் சுமந்தவரிடம் யார் சொன்னது?

இனி செயற்கை நுண்ணறிவு ஆலோசனை சொல்லுமாம். சொல்லட்டும். பதிவு செய்யும்போது சர்வே எண் மட்டும் கேட்காதீர்கள். நிலமில்லாத கூலிக்கும் அதில் இடம் வையுங்கள். பயிற்சியைச் சேரியில், வேலை முடிந்த சாயங்காலத்தில் நடத்துங்கள். பகலில் வைத்தால் அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும்.