அஞ்சல் தலையும் ஒரு பள்ளிக்கூடம்



"படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" பிள்ளைகளின் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. தோட்டப் பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் போய் மாலையில் களைத்து வரும் தாய் தந்தையருக்கு, தம் பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற ஒரே கவலைதான். பாடநூலைத் தவிர வேறு எதைக் கையில் எடுத்தாலும் அது படிப்பைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள்.

பொழுதைப் போக்குவது வேறு, பொழுதைப் பயன்படுத்துவது வேறு. கைத்தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படங்களை இரண்டு மணி நேரம் பார்த்து முடித்த பிள்ளையிடம், என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. பிள்ளை தானே தேடி, தானே சேர்த்து, தானே ஒழுங்குபடுத்தும் ஒரு பழக்கம் அப்படியன்று. அது கேள்வி கேட்கக் கற்றுத் தருகிறது. இன்று அத்தகைய பழக்கம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஒரு பிள்ளைக்கு என்னென்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம். அது அஞ்சல் தலை சேர்த்தல்.

நான் பேசுவது பண்டமாரானிலிருந்து. கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ள ஊர் இது. 1901-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்துக்கு அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-ஆம் ஆண்டில்தான் அது கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. நம் பாட்டன் பாட்டிமார் பலர் கப்பலில் வந்து கால் வைத்த மண் இது. அவர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களும் கப்பலில்தான் வந்தன. அந்தக் கடிதங்களின் மூலையில் ஒட்டியிருந்த சிறு தாளைத்தான் அஞ்சல் தலை என்கிறோம்.

உலகின் முதல் அஞ்சல் தலை 1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்தது. விக்டோரியா அரசியின் முகம் பதித்த கறுப்பு நிறத் தலை. விலை ஒரு பென்னி. அதற்கு முன்பு, கடிதத்தைப் பெறுகிறவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடியது. ரோலண்டு ஹில் என்பவர், அனுப்புகிறவரே முன்கூட்டிச் சிறு கட்டணம் செலுத்தட்டும், நாட்டுக்குள் தூரம் எதுவானாலும் ஒரே கட்டணமாக இருக்கட்டும் என்று கூறினார். ஏழை எளியவரும் கடிதம் எழுத அது வழி திறந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கு இதைச் சொன்னால், ஒரு நல்ல யோசனை உலகத்தையே மாற்றும் என்பதை அவன் தன் கையிலுள்ள ஓர் அங்குலத் தாளிலேயே கண்டுகொள்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1854-ஆம் ஆண்டு முதல் இந்திய அஞ்சல் தலைகளே பயன்பட்டன. 1867-ஆம் ஆண்டில் அவை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தன. அப்போது இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு மகுடத்தையும் புதிய விலையையும் அச்சடித்து வெளியிட்டார்கள். 1890-களில் சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்களின் தலைகளில் புலி வந்தது.

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தனர். இருந்த அஞ்சல் தலைகளின் மேலேயே ஜப்பானிய எழுத்துகளைப் பதித்துப் பயன்படுத்தினர். 1945-இல் போர் முடிந்ததும், அதே பழைய தலைகளின் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சிட்டார்கள். பிரிட்டிஷ் இராணுவ ஆட்சி என்பது அதன் பொருள். பின்னர் 1957-இல் சுதந்திர மலாயாவின் தலைகளும், 1963-இல் மலேசியாவின் தலைகளும் வந்தன.

இவற்றை வரிசையாக ஒரு புத்தகத்தில் வைத்துப் பாருங்கள். நூறாண்டு வரலாறு இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். ஜப்பானிய எழுத்துள்ள தலையைக் கண்ட பிள்ளை, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் வாழ்ந்த கதை வரும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமலே போனவர்களின் கதை வரும். பாடநூலில் ஒரு பத்தியாக இருந்த வரலாறு அப்போது தன் குடும்பத்தின் வரலாறாகிவிடும்.

1965-இல் நம் மாநிலத் தலைகளில் ஆர்க்கிட் மலர்கள் வந்தன. 1971-இல் வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. 1979-இல் செம்பருத்தி உள்ளிட்ட மலர்கள் வந்தன. 1986-இல் காப்பி, தேங்காய், கொக்கோ, மிளகு, ரப்பர், செம்பனை, நெல் என்று நாட்டின் விளைபொருள்கள் வந்தன. செம்பனைப் படமுள்ள தலையைக் காட்டி, இம்மரம் நம் நாட்டில் வணிக முறையில் முதன்முதல் எங்கே நடப்பட்டது என்று மாணவர்களைத் தேடச் சொன்னேன். விடை தொலைவில் இல்லை. 1917-ஆம் ஆண்டு, இதே சிலாங்கூரில், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயராக இருப்பதைக் கண்டு பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சியை நான் சொல்லி விளக்க முடியாது.

ஊரிலிருந்து வந்த கடிதங்களில் இந்தியத் தலைகள் இருக்கும். திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் இந்திய அரசு 1960-ஆம் ஆண்டில் தலை வெளியிட்டது. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1972-இல் வெளியிட்டது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். அவரை எதிர்த்து நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. நம் முன்னோர் பலரைச் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் இங்கே ஏற்றி வந்த 'ராஜூலா' கப்பல், பிற்காலத்தில் அதே கம்பெனி ஓட்டியதுதான். அந்த ஒரு தலை தூத்துக்குடியையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைத்துவிடுகிறது.

கணித மேதை இராமானுஜனுக்கு 1962-இல் தலை வெளியிட்டார்கள். அவருடைய வாழ்க்கை நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமானது. கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது, ஏறத்தாழப் பதினாறு வயதில், ஒரு கணித நூல் அவர் கையில் கிடைத்தது. அன்று முதல் கணக்கே அவருக்கு உயிராயிற்று. அதனால் மற்றப் பாடங்களைக் கைவிட்டுக் கல்லூரித் தேர்வில் தவறி, உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். பிறகு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கிருந்து 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தார். அந்தக் கடிதம் அவரைக் கடல் கடந்து அழைத்துச் சென்றது. இதில் மாணவர்களுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஆர்வம் ஒருவனை எவ்வளவு உயரத்துக்கும் கொண்டுபோகும் என்பது ஒன்று. ஆர்வத்தின் பெயரால் மற்றக் கடமைகளை விட்டுவிட்டால் அதற்குரிய விலையையும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது மற்றொன்று. எனவே வீட்டுப் பாடம் முடிந்த பிறகுதான் அஞ்சல் தலைப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் மாணவர்களுக்கு விதி.

இந்தப் பழக்கம் கையையும் பழக்குகிறது. உறையிலிருந்து தலையைப் பிய்க்கக் கூடாது. சுற்றிலும் சிறிது தாள் இருக்குமாறு வெட்டி, குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் அதுவாகவே பிரியும். நிற உறைகளின் சாயம் இறங்குமாதலால் அவற்றைத் தனியே ஊறவைக்க வேண்டும். பிரிந்த தலையை முகம் கீழாகச் சுத்தமான தாளில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் வைத்து அழுத்த வேண்டும். விரலில் எண்ணெயும் வியர்வையும் உண்டு; எனவே சிறு இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். நம் நாட்டின் ஈரக் காற்றில் தாளில் பழுப்புப் புள்ளிகள் விழும். புத்தகத்தை உலர்ந்த இடத்தில் நிறுத்தி வைத்து, அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் அமர மாட்டான் என்று பெயரெடுத்த பையன், ஒரு தலையின் ஓரத்துத் துளைகளை இரண்டு செண்டிமீட்டருக்கு எத்தனை என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன நான், ஊறவைக்கவே கூடாத உறைகளும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கடித உறைகளை அப்படியே முழுமையாக வைத்திருக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாசிப்பில் பின்தங்கியவன். வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிவான். அவன் குடும்பம் தோட்ட லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. புது வீட்டில் இடம் போதாது என்று, பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்த பழைய தாள்களை எரித்துவிட முடிவு செய்திருந்தார்கள். அஞ்சல் தலை கிடைக்குமென்று அந்தப் பெட்டியைக் கிளறிய பையன், ஒரு கட்டுக் கடிதங்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். இரண்டு உறைகளின் மூலையை ஏற்கெனவே கத்தரித்திருந்தான். மற்றவை முழுதாக இருந்தன.

அவற்றை மேசைமேல் பரப்பி வாசிக்கச் சொன்னேன். அஞ்சல் முத்திரையில் ஊரும் நாளும் இருந்தன. முகவரியில் அவன் கொள்ளுத் தாத்தாவின் பெயர் இருந்தது. அவருடைய தகப்பனார் பெயரும், தோட்டத்தின் பெயரும், எத்தனையாம் டிவிஷன் என்பதும் இருந்தன. அந்தத் தோட்டம் இன்று இல்லை. அந்த நிலத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. அப்படி ஓர் இடத்தில் அந்தக் குடும்பம் வாழ்ந்தது என்பதற்கு அவர்கள் வீட்டில் எஞ்சியிருந்த எழுத்துச் சான்று அந்த உறைகள் மட்டுமே. மூலை வெட்டப்பட்ட இரண்டில் முத்திரையும் நாளும் போய்விட்டன. இனி அவற்றை யாராலும் மீட்க முடியாது.

அந்தப் பையன் வகுப்பில் முதல்வனாகிவிட்டான் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் பாட்டன் கையெழுத்தை வாசித்தே தீர வேண்டும் என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். வாசிக்க வாசிக்க வாசிப்பு வந்தது. புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்டான். நாட்டுப்படத்தில் நாகப்பட்டினத்தைத் தேடினான். சக மாணவர்கள் முன்னிலையில் நின்று, தன் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தலை நிமிர்ந்து சொன்னான். அது எனக்குப் போதும்.

பெற்றோர்களே, இந்தப் பழக்கத்துக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. விலையுயர்ந்த தலை வேண்டும் என்ற ஆசையைப் பிள்ளை மனத்தில் வளர்க்கவும் வேண்டாம். பின்னாளில் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பவும் வேண்டாம். ஒரு பயிற்சிப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும். நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும்போது கிழிந்ததைக் கிழிந்தது என்று சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள். நேர்மைக்கு அதுவே முதற்பாடம்.

இப்போது கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டார்களே, அஞ்சல் தலைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் இன்றும் புதிய சிறப்புத் தலைகள் வெளிவருகின்றன. உறவினருக்குப் பிள்ளையையே ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதிலில் ஒரு தலை வரும். எழுத்துப் பயிற்சியும் ஆகும், உறவும் வளரும். பழைய தலைகளோ நம் வீட்டுப் பெட்டிகளிலேயே கிடக்கின்றன. தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, குடும்பங்கள் இடம் பெயரும் காலம் இது. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஒரு கட்டுத் தாள் குப்பைக்குப் போகிறது. அதனோடு நம் வரலாற்றில் ஒரு பக்கமும் போகிறது.

மாணவச் செல்வங்களே, அஞ்சல் தலைதான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. இலை சேர்க்கலாம், பறவைகளைக் கவனித்துக் குறிப்பெழுதலாம், பழைய நாணயம் சேர்க்கலாம். எதைச் சேர்த்தாலும் அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? எப்போது வந்தது? ஏன் இப்படி இருக்கிறது? விடையைத் தேடிப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சேர்ப்பது அறிவாக மாறுவது அங்கேதான்.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைப் பெரியவர்களின் அனுமதியோடு திறந்து பாருங்கள். ஒரே ஓர் உறை கிடைத்தாலும் அதைப் பத்திரப்படுத்தி, அதிலுள்ள பெயர்களுக்கு உரியவர்கள் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.