காற்றுப் பையும் கள்ளக் கசிவும்

ஊர்தியின் பாரத்தை எஃகு வில்தான் தாங்க வேண்டும் என்பதில்லை. அடைத்து வைத்த காற்றும் தாங்கும். பிரிட்டனின் ரேஞ்ச் ரோவர் வண்டியில் 1992-இல் இம்முறை புகுந்தது. சக்கரத்திற்கு ஒன்றாக நான்கு ரப்பர்ப் பைகள். அவற்றுக்குக் காற்றூட்ட ஒரு கம்ப்ரஸர்.

இத்தகைய பழைய வண்டியில் பை வெடிப்புற்றால் என் செய்வது? வண்டிக் கம்பெனியின் முத்திரை பெற்ற பை விலை மிகுந்தது. பெயரறியாப் பை மலிவானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வேற்றுமை உள்ளே இருக்கின்றது. ரப்பரில் பொதிந்த நூலிழைகளே அழுத்தத்தைத் தாங்குகின்றன. வண்டி குலுங்குந்தோறும் பை மடிந்து விரிகின்றது. இழைகளின் சாய்வு பிசகியிருந்தால் மடிப்பில் விரைவில் கீறல் விழும். ஊசிமுனைத் துளை போதும்! கசிந்த காற்றை ஈடுசெய்யக் கம்ப்ரஸர் ஓயாது உழைத்து, சூடேறிக் கெடும். பையில் மிச்சம் பிடித்த பணம் அதற்கே போதாது.

அதற்காக முத்திரைக்கே விலை கொடுக்க வேண்டுமோ? வேண்டா என்பேன். அவ்வண்டிக்குப் பை செய்தளித்தது டன்லப். அதே நிறுவனம் தன் பெயரில் விற்கும் பை கிடைப்பின் அதுவே தக்கது. எதை வாங்கினும் செய்த ஆண்டைப் பாருங்கள். ரப்பர், கடையில் கிடந்தாலும் மூப்படையும். பூட்டியபின் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகின்றதா என்றும் நோக்குங்கள்.