வெண்பாவின் வாயிற்காவலன்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கிய நிகழ்ச்சிக்குச் சற்று அயலானது போலத் தோன்றலாம். கணினியியலிலே மொழிகளையும் இலக்கணங்களையும் தன்னியங்கிகளையும் ஆராயும் ஒரு பகுதி உண்டு. அங்கே மொழி என்பது நாம் பேசும் மொழி அன்று. சில குறிகளை வரிசையாக அடுக்கினால் எண்ணற்ற கோவைகள் உண்டாகும். அவற்றுள் ஏற்கத்தக்கவற்றின் தொகுதியே மொழி. எது தகும், எது தகாது என்று வரையறுப்பது இலக்கணம். அவ்வரையறையின்படி தானே தீர்ப்புச் சொல்லும் கற்பனைப் பொறிதான் தன்னியங்கி. இரும்பாலான பொறி என்று எண்ணவேண்டாம். தாளிலே சில வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தால் போதும்.

யாப்பிலக்கணம் வெறும் மனனப் பாடம், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடத் தக்கது என்று எண்ணுவோர் பலர். அவர்களுக்காகவே இதைச் சொல்ல விரும்புகிறேன். மேற்சொன்ன பொருளில் வெண்பாவும் ஒரு மொழியே.

வாயிலில் நிற்கும் ஒரு காவலனை நினைத்துக்கொள்ளுங்கள். குறள் வெண்பா ஒன்று சீர் சீராக அவனைக் கடந்து செல்கிறது. கடந்த சீரை அவன் திரும்பிப் பார்க்க முடியாது. அவனுக்குத் தமிழும் தெரியாது. வாய்பாடு மட்டுமே தெரியும். தேமாவோ புளிமாவோ வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளமோ காயோ வந்தால் நேரில் தொடங்க வேண்டும். கனி வந்தால் கதவடைப்பு. ஏழாவதாக வருவது நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாய்த் தளை தட்டாமல் நிற்க வேண்டும்.

இதற்கு அவன் எவ்வளவு நினைவில் வைத்திருக்க வேண்டும்? விளமும் காயும் ஒரே கட்டளையை இடுவதால் அவ்விரண்டையும் வேறுபடுத்தி வைக்க வேண்டியதில்லை. இது எத்தனையாவது சீர், அடுத்து வேண்டியது நேரா நிரையா என்ற இரண்டே செய்திகள் போதும். முதற்சீரிலிருந்து ஆறாஞ்சீர் வரை, ஒவ்வொன்றின் பின்னும் இரண்டு நிலைகளாகப் 12. தொடக்கம் ஒன்று, ஏற்பு ஒன்று, தள்ளுபடி ஒன்று. ஆக மொத்தம் 15 நிலைகள். இவ்வளவுதான் குறள் வெண்பாவின் தளைக் கணக்கு. எதுகையையும் பார்க்கச் சொன்னால் வட்டங்கள் பெருகும். ஆயினும் எண்ணி முடிக்கத்தக்கனவாகவே இருக்கும்.

குறளுக்கு அடி இரண்டு. கலிவெண்பாவுக்கோ மேல் எல்லை இல்லை. குமரகுருபரரின் கந்தர் கலிவெண்பா போன்ற நெடும் பாட்டு வந்தால் நம் காவலன் திகைப்பானா? திகைக்கமாட்டான். நான்கு சீர் எண்ணியதும் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவான். அடி நூறானாலும் ஆயிரமானாலும் அவன் நினைவுச் சுமை கூடுவதில்லை. எல்லையற்ற பாட்டை எல்லையுள்ள நினைவால் காக்க முடிகிறதே, இதுதான் எனக்கு வியப்பு. இத்தகைய பொறிகள் எவ்வெவ் வகைக் கோவைகளை ஏற்கவல்லன என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்ரீபன் கிளீனி 1956இல் வெளியான தம் கட்டுரையில் வரையறுத்தார்.

ஆனால் இதே காவலனிடம் மாலைமாற்றைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் திருமுறையிலே திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் இருக்கிறது. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் எழுத்து மாறாது. எவ்வளவு நீளமான மாலைமாற்றையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக் காவலனுக்கு ஆயிரம் நிலைகள் கொடுப்போம். போதாது. முற்பாதியாக வரத்தக்க கோவைகள் ஆயிரத்துக்கும் மேலே உண்டு. ஆகவே வெவ்வேறான இரண்டு முற்பாதிகள் அவனை ஒரே நிலையில் கொண்டுபோய் நிறுத்தியே தீரும். அங்கே நிற்கும்போது தன்னைக் கடந்தது எது என்று அவன் அறியான். ஒன்றன் பிற்பாதியை மற்றதனோடு ஒட்டி அனுப்பினாலும் உள்ளே விட்டுவிடுவான். ஆயிரத்தை இலட்சமாக்கினாலும் கதை இதுதான்.

அவனுக்கு வேண்டியது ஓர் அடுக்கு. கலியாண வீட்டிலே கழுவி அடுக்கிய தட்டுகளைப் போல, கடைசியில் வைத்தது முதலில் கைக்கு வரும். பாதி வரையில் எழுத்துக்களை அடுக்கிக்கொண்டே போய், மீதிப் பாதியில் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டால் மாலைமாற்று வசப்படும். நடு எங்கே என்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை. அதை ஊகித்தே திரும்ப வேண்டும்.

இது சித்திரகவிக்காரரின் விளையாட்டு மட்டும் அன்று. "அப்பா அம்மா தம்பி வந்தான் என்று சொன்னாள் என்று நினைத்தார்." காதுக்குச் சற்று இடறும், ஆனாலும் இது பிழையற்ற தமிழ். தம்பிக்கு வந்தான், அம்மாவுக்குச் சொன்னாள், அப்பாவுக்கு நினைத்தார். எழுவாய்கள் அடுக்கப்பட்ட முறைக்கு எதிர்முறையிலே பயனிலைகள் வந்து பொருந்துகின்றன அல்லவா? ஒன்றனுள் ஒன்றாய் அமையும் இவ்வகை வாக்கியங்கள் ஆங்கிலத்திலும் உண்டு. அடுக்கில்லாக் காவலனால் ஆங்கில இலக்கணத்தைக் காக்க இயலாது என்று நோம் சொம்ஸ்கி அதே 1956இல் எடுத்துக்காட்டினார். சில ஆண்டுகளுள் ஜோன் பாக்கஸ், பீற்றர் நோர் ஆகியோர் அல்கோல் 60 என்ற கணினி மொழிக்கு இவ்வகை இலக்கணத்தையே வகுத்தனர். அந்த எழுத்துமுறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்கலாம் என்று 1967இல் பீற்றர் இங்கர்மன் என்ற அறிஞர் ஒரு கடிதம் எழுதினார்.

இதைக் கேட்டதும், பாணினியும் தொல்காப்பியரும் அன்றே கணினி கண்டார்கள் என்று மேடையில் முழங்கப் புறப்படுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் பொறி செய்ய முனைந்தவர்கள் அல்லர். எண்ணற்ற வழக்கைச் சில சூத்திரங்களுள் அடக்க முனைந்தார்கள். அந்தப் பெருமையே போதுமே!

இனி, காவலனிடம் ஒரு குறளை அனுப்புகிறேன். நானே கட்டியது.

கல்லின் நிழலைக் கறந்து குடித்தபின்
சொல்லில் உறங்கும் முயல்.

தேமா, புளிமா, புளிமா, கருவிளம், தேமா, புளிமா, மலர். தளை எங்கும் தட்டவில்லை. எதுகையும் உண்டு, மோனையும் உண்டு. காவலன் மரியாதையோடு கதவைத் திறந்துவிடுவான். பொருள்தான் இல்லை. நவீன கவிஞர் எவராவது இதற்கும் ஓர் உரை எழுதக்கூடும், அது வேறு விஷயம்.

வெண்பாப் போட்டிகளுக்கு நடுவராய்ப் போகும்போது இந்த முயலைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். தளை பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. தளை தட்டாத பாட்டுக்குப் பரிசு என்று முடிவாகிவிடுகிறது. அந்த வேலையைக் காவலனிடம் ஒப்படைத்தால் என்ன? 15 வட்டங்களையும் பெரிய தாளொன்றில் வரைந்து எங்கள் உயர்தர வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் தாம் எழுதிய குறளைச் சீர் சீராகச் சொல்லி, வட்டத்துக்கு வட்டம் விரலை நகர்த்திப் பார்க்கிறார்கள். ஏற்பு வட்டத்துக்கு வந்துசேர்ந்த பாட்டை மட்டும் என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு, முயல் ஏன் அங்கே போய் உறங்குகிறது என்று பேசத் தொடங்குகிறோம்.