பட்டம் வேறு, பாடம் வேறு
(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து வந்து அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியமர்ந்த நயினார் குடும்பங்களில், கல்வி என்றாலே பட்டம் என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை. ஆனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பத்தாண்டு வேலை பார்த்த டிப்ளமோதாரருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஒரே ஒரு பாடம்: தரக்கட்டுப்பாட்டுக்கான புள்ளியியலோ, உலோகவியலோ. திருமணத்தோடு கல்லூரியை விட்ட பெண்மணிக்கு முதலில் வேண்டுவது மீண்டும் புத்தகத்தைத் தொடும் துணிவு. பட்டப்படிப்பில் சேர்வது அல்லது சும்மா இருப்பது என்னும் இரண்டே வழிகள் உள்ளனவாக எண்ணி இவர்களுக்குக் காலம் கழிகிறது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், 2014 முதல் சான்றிதழுடன் கூடிய தனிப்பாடங்களை நடத்திவருகிறது. அவை இன்று நடுவண் அரசின் சுவயம் தளத்தில் கிடைக்கின்றன. வயது வரம்பு இல்லை. பாடம் கேட்கக் கட்டணமும் இல்லை. 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. வாரந்தோறும் ஓர் ஒப்படைப்பு. தேர்வெழுத விரும்புவோர் மட்டுமே பணம் கட்டுவர்; பல பருவங்களாக அது ஒரு பாடத்திற்கு 1,000 ரூபாய். தேர்வை வீட்டிலிருந்து எழுத இயலாது. மையத்துக்குச் சென்று கண்காணிப்பில் எழுதவேண்டும். ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். முன்னதில் 10, பின்னதில் 30 பெற்றால்தான் சான்றிதழ்.

இது பட்டமன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அரசுப் பணிக்குப் பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் இடத்தில் இச்சான்றிதழ் நில்லாது. 2021ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் பாடங்களைக் கல்லூரி ஏற்கலாம். ஏற்கலாம் என்பது ஏற்றே தீரவேண்டும் என்பதாகாது. பின்னாளில் பட்டப்படிப்பில் சேர எண்ணுபவர், தாம் நாடும் கல்லூரியிடம் முன்னரே எழுத்து வழிக் கேட்டறிவது நலம்.

இனி, படிக்கும் முறை. அகத்தவம் ஆறனுள் சுவாத்தியாயம் ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் அதனை ஐந்தாக வகுக்கிறது: ஓதுதல், வினவுதல், மீள மீளச் சிந்தித்தல், பிழையற உருவேற்றல், பிறர்க்கு அறம் உரைத்தல். திரையில் வரும் பாடம் முதலாவதை நன்கு தருகிறது. இடர்ப்படுவது வினவுதலில்தான். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சிலவற்றுக்கே தமிழாக்கம் உண்டு. ஐயம் எழுப்ப இணையத்தில் மன்றம் இருந்தும், ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோர் அங்கே வாய் திறப்பதில்லை.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சீவகசிந்தாமணிச் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டும் சமயக் கருத்துகள் விளங்காமல் நின்றபோது, அவ்வூர்ச் சமணரிடம் சென்று வினவினார். 1887இல் அந்நூல் அச்சேறியதில் அவர்கள் தந்த விடைகளுக்கும் பங்குண்டு. அத்தகைய புலவருக்கே வினவ ஆள் வேண்டியிருந்தது. இரவு ஷிப்டு முடிந்து வந்து கைபேசியைத் திறப்பவர் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுவதில் வியப்பென்ன?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்தில் அன்னதானத்திற்கு நன்கொடை தடையின்றி வருகிறது. சாத்திர தானமோ நூல் அச்சிட்டு வழங்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இருபது பேரின் தேர்வுக் கட்டணம் 20,000 ரூபாய். ஒரு விழாவின் பூ அலங்காரச் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பணத்தைவிட அரிய உதவி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மண்டபத்தைத் திறந்துவைப்பது. ஒரே பாடத்தை எடுத்த நால்வர் சேர்ந்தமர, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமிழில் ஐயம் தீர்க்க, வினவுதலும் உரைத்தலும் அங்கே தாமாக நிகழும். தாய்மார் வருவதானால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இதனை மறந்தால் பெண்கள் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

சூலைப் பருவம் பெரிதும் சாதுர்மாசத்தோடு ஒட்டி ஓடுகிறது. துறவியர் ஓரிடத்தில் தங்கி நூலாயும் காலமே இல்லறத்தார்க்கும் பாடக் காலமாவது பொருத்தமானதே. தசலட்சண நாள்களில் நோன்பிருப்போர் அவ்வார ஒப்படைப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

பதிவின்போது பெயரில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நம் வீடுகளில் ஓர் ஆவணத்தில் நயினார் என்றும், மற்றொன்றில் ஜெயின் என்றும், வேறொன்றில் இரண்டும் இன்றியும் பெயர் இருப்பது வழக்கம். தேர்வுக் கூடத்தில் காட்டவிருக்கும் அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதுக.