மூன்று நிமிடப் பாட்டும் பரண் மேல் பெட்டியும்
(ஆகஸ்ட் மாதக் கூட்டத்தின் முடிவில் கிளப் ஹவுசில் பேசியது)

லிஃப்ட், தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகு பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். போண்டா வரத் தாமதமாகிறது என்பதுதான் உண்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்டது டி.கே. பட்டம்மாள் பாடிய 'ஆடுவோமே'. நடுவில் செங்கல்பட்டு லோக்கல் போன சத்தத்தையும் சேர்த்துக் கேட்டீர்கள். "ஒரே கரகரன்னு இருக்கே சார்" என்றார் பின்வரிசையில் ஒருவர். நியாயம்தான். அந்தக் காலத்து 78 சுற்று பிளேட்டு அரக்கும் கல்தூளும் கலந்து செய்தது. அதில் எஃகு ஊசி உரசினால் கரகரக்கத்தான் செய்யும். இரண்டாம் முறை கேட்டால் காது அதை ஒதுக்க ஆரம்பிக்கும். மூன்றாம் முறை சொல் மட்டும்தான் நிற்கும். அதனால் இன்னும் இரண்டு முறை போடப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, அங்கே நூலகத்தில் 'ஆர்ட் சாங்' என்று தனியாக ஒரு வரிசை வைத்திருந்தார்கள். ஒரு கவிஞரின் கவிதை, அதற்கு ஒருவர் போட்ட மெட்டு, பாட ஒரே ஒரு குரல், துணைக்குப் பெரும்பாலும் பியானோ. அவ்வளவுதான் விஷயம். சாமுவேல் பார்பர் என்ற இசையமைப்பாளர், கடற்கரையைப் பற்றி மேத்யூ ஆர்னால்டு எழுதிய ஓர் ஆங்கிலக் கவிதைக்கு நான்கு தந்தி வாத்தியங்களோடு மெட்டமைத்து, 1935-ல் தானே பாடிப் பதிவு செய்திருக்கிறார். மெட்டுப் போட்டவரின் குரலே இன்றைக்கும் இருக்கிறது. கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஏனென்றால், திருவல்லிக்கேணி கடற்கரையில் பாடிய நம் பாரதியின் குரல் நமக்கு இல்லை. 1902-லேயே கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்துவிட்டார்கள். பாரதி மறைந்தது 1921-ல். பாட்டுக்கு ராகம், தாளம் எல்லாம் அவரே குறித்து வைத்திருக்கிறார். 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டுக்கு அவர் சொன்ன ராகம் பைரவி. நாம் இன்று பாடுவது ராகமாலிகை! அது நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் எப்படிப் பாடினார் என்று கேட்க வழியில்லை.

அதனால்தான் பட்டம்மாளின் பிளேட்டு முக்கியம். அவர் பிறந்தது 1919-ல், நம் பக்கத்துக் காஞ்சிபுரத்தில். பெண்கள் மேடையில் பல்லவி பாடுவதா என்று கேட்ட காலத்தில் பாடிக் காட்டியவர். சினிமாவில் பக்திப் பாட்டும் தேசபக்திப் பாட்டும் மட்டும்தான் பாடுவேன் என்று சொன்னவர். இந்தப் பாட்டை 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் பாடினார். படம் வந்தபோது சுதந்திரம் இன்னும் வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வானொலியிலும் பாடினார்.

கச்சேரி என்றால் மணிக்கணக்கில் விரிக்கக்கூடிய வித்வான் அவர். பிளேட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது மூன்று நிமிடம் சொச்சம். நிரவலுக்கும் ஸ்வரத்துக்கும் ஏது இடம்? மூச்சு எங்கே எடுக்கிறார் என்று மட்டும் இப்போது கவனியுங்கள். ஒரு சொல்லை உடைத்து எடுக்கிறாரா பாருங்கள். வந்த விடுதலையைப் பாடுவது போல எழுதியவர் அதைப் பார்க்காமலே போய்விட்டார். இந்தக் குரல் பார்த்தது.

இனி என் கதை. எங்கள் வீட்டில் இந்தப் பிளேட்டு இருந்தது. ஆகஸ்டு 15-ஆம் தேதி காலையில் அப்பா தவறாமல் போடுவார். ஓர் இடத்தில் கீறல். ஊசி அங்கே ஒரு சொல்லைத் தாண்டிக் குதிக்கும். நாங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கூவி நிரப்புவோம். தாம்பரம் வீட்டை விட்டு இங்கே இரண்டு பெட்ரூமுக்கு வந்தபோது, 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். எவ்வளவு கொடுத்தார் என்பதுகூட நினைவில்லை. இப்போது ஃபோனில் கேட்கிறேனே, அதில் அந்தச் சொல் ஒழுங்காக வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்கு வாய் திறக்கிறது.

உங்களில் சிலர் வீட்டுப் பரணில் இன்னும் பெட்டி இருக்கும். தூக்கிப் போடாதீர்கள். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணி போதும். படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். எல்.பி. ஊசியில் போட்டுப் பார்க்காதீர்கள், 78-இன் வரிப்பள்ளம் அகலமானது. அதற்கேற்ற ஊசியுள்ள பிளேயர் நம் பிளாக்கிலேயே ஒருவரிடம் இருக்கிறது, தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே இடத்துக்கு எடுத்து வாருங்கள். கீறல் விழுந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

போண்டா வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே இரண்டாம் முறை கேட்போம்.