விழுந்தவர் ஒருவர், தப்பு யாருடையது?



அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் அவங்க ஊர் ஃபுட்பாலைப் பார்க்கப் பழகினேன். அதில் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். எறியும் முன்பே எதிரணி அவரைச் சாய்த்துவிட்டால் அது ‘சாக்’. அவரைக் காக்க முன்னால் ஐந்து லைன்மேன்கள். நம்ம மின்வாரிய லைன்மேன் இல்லீங்க!

2002-ல் புதிதாக வந்த அணி ஹூஸ்டன் டெக்சன்ஸ். அதன் குவார்ட்டர்பேக் டேவிட் கார் 16 ஆட்டங்களில் 76 முறை சாய்க்கப்பட்டார். அதுவரை யாரும் ஒரே சீசனில் அத்தனை முறை விழுந்ததில்லை. பழியை லைன்மேன்கள் மேல் போட்டாங்க. அதில் நியாயமும் உண்டு. இடது ஓரத்தைக் காக்க எடுத்த டோனி பொசெல்லி தோள் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆனால் பந்தை எறியாமல் கையிலேயே வைத்திருந்தால் எந்தக் காவலும் தாங்காது. பந்தைப் பிடிக்க ஓடுபவர் எதிராளியை விட்டு விலகாவிட்டால் எறிய இடமில்லை. ஆறு பேர் பாய்ந்து வரும்போது தடுக்க ஐந்து பேரை மட்டும் நிறுத்தினால், அது திட்டம் போட்ட பயிற்சியாளர் பிழை.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்க வேலைக்குச் சேரும் இடத்திலும் ஒருத்தர் விழுவார். உடனே அவரைக் கை காட்டாதீங்க. விழுவதற்கு முந்தைய மூணு விநாடியில் யார் யார் என்ன செய்தாங்கன்னு பாருங்க. அப்போ நாம எங்கே நின்னோம்னும் பாருங்க.