சட்டத்தைத் தேடும் வழி
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் தோட்டப் பிள்ளைகளிற் சிலர் சட்டம் பயின்று, இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களில் அமர்கின்றனர். அவர்கள் முன் நீட்டப்படுவது பிஸ்கட் டின்னில் வைத்த பழைய கடதாசிக் கட்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர்; செக்றோலில் வேறொரு பெயர். இதற்குரிய சட்டத்தை எங்கே தேடுவது?

தூரம் போகவேண்டாம். நம் கேகாலைப் பகுதி றுவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே பிறந்த வழக்கொன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கோடகன் பிள்ளை எதிர் முதன்னாயக்க என்பது அதன் பெயர். 1953இல் தீர்ப்பாயிற்று. 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' 54, 433 என்று குறிப்பார்கள். முன்னது தொகுதி, பின்னது பக்கம். இவ்வளவு தெரிந்தால் நூல்நிலையத்திலோ இணையத்திலோ எடுத்துவிடலாம்.

தோற்ற வழக்கைப் படிப்பானேன் என்பர் சிலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மாறானது என்ற வாதம் எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்பதை அங்கேதான் காணலாம். அத்தீர்ப்பே 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தையும் நமக்குக் காட்டித் தருகின்றது. ஒன்றைப் பிடித்தால் மற்றது வரும். ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வதியும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரசாவுரிமை வழங்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். பழைய பாடநூலோடு நின்ற மாணவன், லயத்து முதியவருக்கு என்ன விடை சொல்வான்?

சட்டங்கள் தமிழிலும் வெளியாகின்றன. எனினும் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: மொழிகளுக்கிடையே முரண் வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்றிருக்கும். ஆகவே இரண்டையும் ஒப்பு நோக்குதல் நன்று. சிங்களம் நன்கறிந்த பெரியோர் இச்சபையிலேயே பலர் இருக்கின்றனர். பிள்ளைகள் கூச்சப்படாமற் கேட்கலாம்.

இனிச் சம்பள விஷயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்து விலகிய நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடமொன்றுக்குப் 14 நாட் சம்பளம் உரியது. பெயர்க் குழப்பத்தால் பத்து வருடச் சேவை கணக்கில் விடுபட்டால், 140 நாட் கூலி போயிற்று! அதனால், சட்டத்தைத் தேடிய கையோடு செக்றோல் பிரதியையும் தோட்டக் கந்தோரில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தராவிடின், அக்கடிதத்தின் நகலுடன் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் இரத்தினபுரி, கேகாலை அலுவலகங்களுக்குச் செல்லலாம்.